பத்தரை மணிச் சாப்பாடு



'பிரஞ்ச்' என்றொரு சொல் கொழும்பு உணவகங்களின் விளம்பரங்களில் அடிக்கடி தென்படுகிறது. காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கி, விடுமுறை நாட்களில் பத்து, பதினொரு மணிக்கு ஆறுதலாக இருந்து உண்பதற்குத்தான் அந்தப் பெயர். 1895ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கை பெரிங்கர் என்பவர் ஒரு சஞ்சிகையில் இதற்காக வாதாடி எழுதினார். சனி இரவு நெடுநேரம் விழித்திருந்தவர்கள் ஞாயிறு அதிகாலையில் எழும்பத் தேவையில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

எங்கள் பெண்களில் பலர் காலம் முழுவதும் பத்தரைக்குத்தான் முதற் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். நாலரைக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளை அனுப்பி, கோழிக்குத் தீன் வைத்து, முற்றம் கூட்டி முடிய, சட்டியில் மிஞ்சியதை நின்றபடியே வாயில் போடும் நேரம் அது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

அண்மையில் ஒரு சனிக்கிழமை, எமது சேமிப்புக் குழுவைச் சேர்ந்த இரண்டு அக்காமாருடன் திருநெல்வேலி 'அம்மாச்சி' உணவகத்திற்குப் போனேன். ஒருவர் சந்தையில் கீரை விற்பவர். மற்றவர் தையல் தைப்பவர். கீரை விற்கும் அக்கா ஒவ்வொரு நாளும் அயலிலேயே நின்று வியாபாரம் செய்தும் ஒருநாளும் அங்கே போனதில்லை. "கடையிலயோ? தனிய இருக்கிற பொம்பிளை கடையில இருந்து சாப்பிட்டால் சனம் என்ன சொல்லும் பிள்ளை?" என்றார். தேநீர்க் கடை வாங்கில் மணிக்கணக்காக இருந்து அரசியல் பேசும் ஆண்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பெண் இருப்பதற்கு மட்டும் காரணம் சொல்லவேண்டியிருக்கிறது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மாச்சி என்பது வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்களே சமைத்து விற்கும் பாரம்பரிய உணவகம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய இடங்களிலும் உண்டு. மீன், இறைச்சி இல்லை. தோசை, அப்பம், புட்டு, வடை, குரக்கன் பலகாரங்கள், இலைக்கஞ்சி, மோர் என்று எல்லாம் கண்முன்னே தயாராகும். விலையும் கைக்கு அடங்கும். நாங்கள் மூவரும் வயிறாரச் சாப்பிட்டும் ஆயிரம் ரூபாவைத் தாண்டவில்லை. அவரவர் பங்கை அவரவரே கொடுத்தோம். நான் கொடுக்க முற்பட்டபோது தையல் அக்கா கையைத் தட்டிவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

"என்ன வேணும் அம்மா?" என்று உள்ளே நின்ற பெண் கேட்டதும் கீரை அக்கா பதில் சொல்லாமல் எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு, "அப்பம் ரெண்டு, பாலூற்றினது" என்றார். இருந்து இரண்டு வாய் சாப்பிட்ட பின்புதான் பேச்சு வந்தது. "கோயில் அன்னதானத்தை விட்டால், வேறை ஆக்கள் சமைச்சு நான் வயிறாரச் சாப்பிட்டு எத்தினை வருசம். மெனிக்பாமில வரிசையில நிண்டு வாங்கினதுதான் ஞாபகத்தில நிக்குது. அங்கை ஆரும் என்ன வேணும் எண்டு கேக்கேல்லை."

2009இல் மாத்தளனில் கணவரை இழந்தவர் அவர். அதன் பின் மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்த்தார். நாங்கள் வீட்டுத் தரிசிப்புக்குச் செல்லும்போது வருமானம், கால்நடை, கிணறு, மலசலகூடம் என எல்லாம் படிவத்தில் நிரப்புகிறோம். அந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார், அவருக்கு என்ன மிஞ்சுகிறது என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை. 2022இல் அரிசியும் மாவும் எரிவாயுவும் எட்டாத விலைக்கு ஏறியபோது, நான் போன வீடுகளில் முதலில் குறைந்தது தாயின் கோப்பைதான். பசியில்லை என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளைகளும் நம்பிவிடுவார்கள்.

ஒரு வடையைத் தாளில் சுற்றிப் பேரப்பிள்ளைக்கென்று பைக்குள் வைத்துக்கொண்டார் அக்கா. இன்னொன்று வாங்கிக் கொடுங்கள், இதை நீங்கள் சாப்பிடுங்கள் என்று தையல் அக்கா அதட்டினார். அதன்படியே நடந்தது.

போகும்போது உள்ளே நின்ற பெண்ணிடம் இலைக்கஞ்சிக்கு வல்லாரை எங்கே வாங்குகிறீர்கள் என்று கீரை அக்கா விசாரித்தார். விலை, கட்டின் அளவு எல்லாம் பேசினார்கள். "திங்கட்கிழமை அஞ்சு கட்டு கொண்டு வாறன், பார்த்திட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

அடுத்த குழுக்கூட்டத்தில் எல்லோரும் ஒருநாள் போகவேண்டும் என்ற கதை எழுந்தது. செலவைச் சேமிப்பு நிதியிலிருந்து எடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அது அவசரக் கடனுக்கென்று வைத்த பணம், அதில் கைவைக்கக்கூடாது என்பது என் கருத்து. வாரம் இருபது ரூபா தனியாகப் போடுவதென்று இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது. நீங்களும் போவதென்றால் மதியத்துக்கு முன்னரே போங்கள். பகல் கூட்டம் வந்துவிட்டால் இருக்க இடம் கிடைப்பது கடினம்.