பழுது நீங்கிய பின்னும்

அட்லாண்டாவைச் சுற்றியோடும் 285 வட்டச் சாலைக்கு வடக்கே, மாதம் ஒரு சனிக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடி ஒரு நாவலையோ சிறுகதைத் தொகுப்பையோ முன்வைத்துப் பேசுவது எங்கள் வழக்கம். அண்மையில் இரண்டு கூட்டங்கள் அவ்வாறு நடக்கவில்லை. நண்பர் ஒருவரின் காரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இலக்கியம் பேசுமிடத்தில் காருக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஒரு பொருளின் மீது ஏறிவிட்ட கதை அதன் விலையை எப்படி மாற்றுகிறது, அந்த மாற்றத்துக்கு யார் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அங்கே எழுந்த கேள்வி. கதைகளோடு பழகியவர்களுக்கு அது அந்நியமாய்த் தோன்றாது என்ற நம்பிக்கையில் எழுதுகிறோம்.

நடந்தது எளிய விபத்து. சிவப்பு விளக்குக்காக நின்றிருந்த நண்பரின் காரைப் பின்னால் வந்த கல்லூரி மாணவி ஒருவர் இடித்துவிட்டார். எவருக்கும் காயமில்லை. தவறு தன்னுடையதே என்று அப்பெண் அங்கேயே ஒப்புக்கொண்டார். காவலரின் அறிக்கையும் அவ்வாறே சொன்னது. அவருடைய காப்பீட்டு நிறுவனம் பழுதுபார்த்த செலவான 9,400 டாலரை முழுமையாகச் செலுத்தியது. பம்பர் புதிது, டிக்கிக் கதவு புதிது, நசுங்கிய பின்புறத் தகட்டை வெட்டியெடுத்து வேறு தகடு பற்றவைத்திருந்தார்கள். பார்வைக்குப் பழைய காரேதான். நண்பர் மறந்தும் போனார்.

ஐந்து மாதங்கள் கழித்து அவருக்கு வேலை போயிற்று. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளவோ மூட்டை கட்டவோ கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாட்கள். காரை விற்கச் சென்றார். அதே ஆண்டில் வெளிவந்து, அதேபோல் 31,000 மைல் ஓடிய அதே வகைக் கார்களுக்கு டீலர்கள் 24,000 டாலர் கொடுத்துவந்தார்கள். இவருடைய காரையும் ஒருவர் சுற்றிவந்து பார்த்தார், திருப்தியாய்த் தலையசைத்தார், உள்ளே போய்க் கணினியில் ஒரு பக்கத்தைப் படித்தார். திரும்பி வந்து 20,500 என்றார். மற்ற இரு டீலர்களும் ஏறத்தாழ அதையே சொன்னார்கள். வங்கிக்குக் கட்ட வேண்டிய பாக்கியோ 21,800. காரையும் கொடுத்து, கையிலிருந்து 1,300 டாலரும் கொடுத்தால்தான் கடனிலிருந்து விடுதலை.

அந்தக் கணினிப் பக்கம்தான் இவ்விஷயத்தின் மையம். கார்ஃபாக்ஸ் என்னும் நிறுவனம் 1984இல் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியாவில் தொடங்கப்பட்டபோது, மைல்மானியைத் திருகிப் பழைய காரைப் புதிதாக்கும் மோசடியைப் பிடிப்பதே அதன் நோக்கமாயிருந்தது. இன்று அது கார்களுக்கெல்லாம் வாய்த்த சித்திரகுப்தன். வண்டியின் 17 எழுத்தெண் அடையாளத்தைத் தட்டினால், அதன் பெயரில் பதிவான உரிமை மாற்றங்களும் விபத்துகளும் வரிசையாய் வந்து நிற்கும். கைதேர்ந்தவர்கள் செப்பனிட்டார்கள், குறையேதும் மிஞ்சவில்லை என்பது மட்டும் அதில் வராது. ஆகவே வாங்க வருபவர் சந்தேகத்துக்கும் சேர்த்தே விலையைக் குறைக்கிறார். விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியமுடியாத சந்தையில் நல்ல கார்களும் தண்டனை அனுபவிக்கும் என்று ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970இலேயே ஒரு கட்டுரையில் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் பழைய கார்ச் சந்தைதான். 2001இல் மற்ற இருவரோடு பொருளாதார நோபல் பரிசைப் பெற்றார்.

எங்களுள் ஒருவர் இதை வன்மையாய் மறுத்தார். இடித்தவர் செப்பனிட்டுக் கொடுத்துவிட்டார், அதற்கு மேலும் கேட்பது பேராசை, அமெரிக்காவின் வழக்காடும் நோய் நம்மையும் தொற்றிக்கொண்டது என்பது அவர் வாதம். உடைந்ததைப் பொன்னால் ஒட்டும் ஜப்பானியக் கிண்ணத்தை யாரேனும் நினைவூட்டாவிட்டால் அது எங்கள் கூட்டமே அல்ல; அதுவும் நடந்தது. (டீலர்கள் தேநீர்க் கிண்ணம் வாங்குவதில்லை என்பதோடு அப்பேச்சு முடிந்தது.) மறுத்தவர் பழம்பதிப்புகள் சேர்ப்பவர். முதல் பதிப்பு ஒன்றின் கிழிந்த மேலட்டையை நிபுணர் ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் செப்பனிட்டாலும், நேர்மையான பழைய புத்தக வணிகர் தம் பட்டியலில் 'செப்பனிடப்பட்டது' என்று குறிப்பார், விலையும் இறங்கும். புத்தகத்தில் ஒரு சொல்லும் குறையவில்லை. அவருடைய புத்தகத்தை நாங்கள் கிழித்துவிட்டு, ஒட்டிய கூலியை மட்டும் கொடுத்தால் ஏற்பாரா என்று கேட்டோம். அரை மனதோடு அமைதியானார்.

சட்டமும் இதை அறியாததல்ல. பொருளுக்கு நேர்ந்த சேதத்தைச் செப்பனிட்ட பிறகும் மதிப்பில் குறைவு மிஞ்சுமானால் அதையும் ஈடுசெய்ய வேண்டும் என்பது அமெரிக்கத் தீங்கியல் சட்டத்தில் நெடுங்காலமாய் ஏற்கப்பட்ட நெறி. ஜார்ஜியா மாநிலம் ஒருபடி மேலே சென்றது. இடித்தவரின் காப்பீடு மட்டுமன்று, நம் காருக்கு நாமே எடுத்த காப்பீடும் இம்மதிப்புக் குறைவை ஈடுசெய்யக் கடமைப்பட்டது என்ற கருத்து அம்மாநில நீதிமன்றங்களில் 1926 முதலே உண்டு. காப்பீட்டாளர் பணம் செலுத்தினாலும் பழுது நீக்கிக் கொடுத்தாலும், தீரவேண்டியது மதிப்பின் இழப்பே என்பது அதன் சாரம். 2001 நவம்பரில் ஸ்டேட் ஃபார்ம் - மேப்ரி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதோடு, உரிமையாளர் தனியே கேட்காவிட்டாலும், சேதத்தை மதிப்பிடும்போதே இக்குறைவையும் நிறுவனம் மதிப்பிட வேண்டும் என்றது. ஈராண்டுகளில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம், சொந்தக் காப்பீட்டைப் பொறுத்தவரை இதற்கு நேர்மாறாய்த் தீர்ப்பளித்தது: முறையாய்ப் பழுது நீக்கித் தந்தபின் நிறுவனத்தின் ஒப்பந்தக் கடமை முடிந்தது. ஒரே இடி, மாநில எல்லையைத் தாண்டினால் வேறு விடை.

எங்கள் நண்பர் ஜார்ஜியாவில் இருந்தது நல்லூழ் என்றே எண்ணினோம். இழந்த 3,500 டாலரைக் கேட்டு மாணவியின் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். பத்து நாளில் பதில் வந்தது: 960 டாலர், கீழே ஒரு கணக்கு.

அந்தக் கணக்கை வாசகர்கள் பார்க்க வேண்டும். பதினேழு-சி என்று அதற்குப் பெயர். மேப்ரி வழக்கில் கீழ் நீதிமன்ற ஆணையின் 17ஆம் பத்தி, சி உட்பிரிவிலிருந்து வந்த பெயர் அது. அந்த ஒரு வழக்கில் பழைய கோரிக்கைகளை மொத்தமாய்த் தீர்க்கக் கையாண்ட வழியை, நிறுவனங்கள் பிடித்துக்கொண்டு நாட்டின் பிற பகுதிகளுக்கும் கொண்டுபோயின. முதலில் காரின் சந்தை மதிப்பில் பத்தில் ஒரு பங்கு: 2,400. இதற்கு மேல் எந்தக் காரும் எந்த விபத்திலும் இழக்காது என்பது முற்றாய்த் தீர்மானிக்கப்பட்டுவிட்டது. ஏன் பத்து, ஏன் இருபதில்லை என்பதற்கு விளக்கமில்லை. பிறகு சேதத்தின் அளவுக்கு ஓர் எண். நடுத்தரச் சேதம் என்று கூறி 0.5ஆல் பெருக்கினார்கள், 1,200 ஆயிற்று. பிறகு ஓடிய தூரத்துக்கு ஓர் எண். 20,000 மைலுக்கு மேல் 40,000க்குள் என்பதால் 0.8. ஆக 960.

ஓடிய தூரத்துக்கான கழிவு 24,000 என்ற சந்தை மதிப்புக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதை மறுபடி கழிப்பது, பழைய நகையை மாற்றும்போது எடையில் ஒருமுறையும் விலையில் ஒருமுறையும் சேதாரம் பிடிப்பதற்கு ஒப்பானது. இச்சூத்திரப்படி ஒரு லட்சம் மைல் ஓடிய காருக்கு அந்த எண் பூஜ்யம். அதை எவ்வளவு நசுக்கினாலும் மதிப்புக் குறைவே கிடையாது. மூன்று டீலர்கள் முகத்துக்கு நேரே சொன்ன விலையை ஒரு பெருக்கல் வாய்ப்பாடு பொய்யென்கிறது! மாநிலக் காப்பீட்டு ஆணையர் அலுவலகமே 2008இல், குறிப்பிட்ட சூத்திரம் எதையும் தாம் அங்கீகரிக்கவில்லை என்று தெளிவுபடுத்தியது. எனினும் கடிதங்களில் அது சட்டத்தின் குரலிலேயே பேசுகிறது. வந்த தொகையைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திடுபவர்கள், குறிப்பாய் விசாவின் நிழலில் வாழும் நம்மவர்கள், அக்குரலுக்கு அஞ்சியே பணிகிறார்கள் என்று கருதுகிறோம். அதைத்தான் நாங்கள் வன்மையாய்க் கண்டிக்கிறோம். 960 குறைவு என்பதைவிட, அது பேரம் என்று சொல்லாமல் கணிதம் என்று சொல்லப்பட்டதே எங்களை உறுத்தியது.

நண்பர் பணியவில்லை. 350 டாலர் கொடுத்துத் தனி மதிப்பீட்டாளர் ஒருவரிடம் அறிக்கை பெற்றார். டீலர்கள் மூவரும் எழுதித் தந்த விலைகளையும், பழுது நீக்கிய பட்டியலையும், ஒப்பான கார்களின் விற்பனை விலைகளையும் இணைத்து இரண்டாம் கடிதம் அனுப்பினார். வழியில் ஒரு பொறியும் இருந்தது: முதல் கடிதத்தோடு வந்த 960 டாலர் காசோலையின் பின்புறம், கோரிக்கை முற்றாய்த் தீர்ந்தது என்று அச்சிட்டிருந்தார்கள். அதை வங்கியில் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்த படி நீதிமன்றம். ஜார்ஜியாவில் பொருள் சேதத்துக்கு வழக்குத் தொடுக்க நான்காண்டு அவகாசம் உண்டு. 15,000 டாலர் வரையிலான வழக்குகளை மேஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே நடத்தலாம். ஆனால் அங்கே காப்பீட்டு நிறுவனத்தின் மீது நேரடியாய் வழக்குப் போட இயலாது. இடித்தவர் மீதே போட வேண்டும். அழைப்பாணை அந்த மாணவியின் கைக்குப் போகும். தீர்ப்பானால் பணத்தை அவருடைய நிறுவனமே கட்டும். அம்மாநிலத்தில் பொருள் சேதத்துக்கான கட்டாயக் காப்பீடு 25,000 டாலர். இரண்டு தொகையும் அதற்குள் அடங்கிவிடும். அவர் கையிலிருந்து ஒரு சல்லியும் போகாது. இதையெல்லாம் நாங்கள் எடுத்துச் சொன்னோம். நண்பர் கேட்டுக்கொண்டார். அன்று சாலையோரம் அந்தப் பெண் அழுதுகொண்டே தன் தாய்க்குத் தொலைபேசியதைப் பார்த்தவர் அவர் ஒருவரே, நாங்கள் பார்க்கவில்லை. அவருடைய தயக்கத்தை மதிக்கிறோம். ஆயினும், நிறுவனத்தின் பெயர் வெளியே வராமல் ஓர் இளம்பெண்ணின் பெயர் முன்னே நிற்கும் இவ்வேற்பாட்டால் ஆதாயம் அடைவது யார் என்று கேளாதிருக்க எங்களால் முடியவில்லை. கூட்டம் இதில் இரண்டாய்ப் பிரிந்தே கலைந்தது.

அறுபது நாட்களில் பதினொன்று மிஞ்சியிருந்தபோது நிறுவனம் 2,650 டாலர் தருவதாய் எழுதியது. மதிப்பீட்டாளர் கூலி போக 2,300. கேட்டதற்கும் பெற்றதற்கும் நடுவே இன்னும் 1,200 டாலர் இருந்தது. நண்பர் கையெழுத்திட்டுக் கொடுத்தார், வங்கிக்குக் கட்டவேண்டியதைக் கட்டினார். விமானத்தில் கொண்டுபோக முடியாத புத்தகங்களை மூன்று பெட்டிகளில் எங்களிடம் விட்டுச் சென்றிருக்கிறார்.