கைராசியும் ஒரு பிடி யூரியாவும்

டெல்லியில் இருக்கும் நம்ம ஆட்களிடம் மொட்டை மாடித் தோட்டம் பற்றிப் பேச்சை எடுத்தால் மூணே மூணு பதில்தான் வரும். "எனக்குக் கைராசி இல்லீங்க." "இந்த ஊர்த் தண்ணி சரியில்ல." "நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்." காலம் தப்பி வரும் வெயிலைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை.

தக்காளியையே எடுத்துக்குவோம். பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலோ, ராத்திரி 24-க்குக் கீழே இறங்காவிட்டாலோ தக்காளிப் பூவில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. செடி பச்சைப்பசேல் என்று நிற்கும், பூவும் பூக்கும், காய் மட்டும் பிடிக்காது. பிப்ரவரியில் நட்ட நாற்று மார்ச்சில் பூத்து ஏப்ரலில் காய்க்க வேண்டும். அந்த மார்ச்சே மே மாதிரி வந்தால்? 2022 மார்ச்சில் நாட்டின் சராசரி பகல் வெப்பம், 1901-லிருந்து பதிவான எல்லா மார்ச்சையும் விட அதிகம். 2025 பிப்ரவரியும் சராசரி வெப்பத்தில் அதே மாதிரி சாதனை படைத்தது. இதில் கைராசி எங்கேங்க வந்தது?

பூ உதிர்ந்ததும் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம், ஒரு பிடி யூரியா. ஏற்கெனவே வாடிக் கிடக்கும் செடிக்கு இது வேரைச் சுடும் வேலை. அடுத்தது, மத்தியானம் கொதிக்கிற டேங்க் தண்ணியைப் பிடித்து ஊற்றுவது. செடி செத்ததும், "பாத்தீங்களா, அப்பவே சொன்னேனே, ராசியில்ல!"

இன்னொரு கூட்டம், ஆடி பிறந்ததும் விதைப் பொட்டலத்தோடு கிளம்பிவிடும். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பெரியவங்க சொன்னது நம்மூர் மழைக்கு. ஆடி பிறக்கும்போது டெல்லியில் பருவமழை உச்சத்தில் இருக்கும். அந்த மழையும் இப்போது கணக்காகப் பெய்வதில்லை. 2024 ஜூன் 28 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சஃப்தர்ஜங்கில் 228 மில்லிமீட்டர் கொட்டியது. ஜூன் மாசம் முழுசுக்கும் வழக்கமாகப் பெய்வதே 74 தான். தொட்டி விதை என்ன ஆகும்? பழமொழியில் "தேடி" என்று ஒரு வார்த்தை இருக்கிறது சாமி! பட்டத்தைத் தேடச் சொன்னார்கள், காலண்டரைக் கிழிக்கச் சொல்லவில்லை.

"அந்தக் காலத்துலயும் வெயில் அடிச்சதே" என்பவர்களுக்கு: அடித்தது, மறுக்கவில்லை. ஆனால் மே மாசத்து 40 டிகிரி வருவதற்குள் தக்காளி காய்த்து முடிந்திருக்கும். மார்ச் கடைசியில் அதே வெயில் அடித்தால் பூவிலேயே கதை முடிகிறது. செடிக்கு டிகிரி மட்டுமில்லை, தேதியும் முக்கியம்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 2023 ஜூலையில் தக்காளி விலை ஏறி, மத்திய அரசே டெல்லியில் வண்டி வைத்துக் கிலோ 90 ரூபாய்க்கு விற்றது. அப்போது நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் விவசாயியையும் தள்ளுவண்டிக்காரரையும் திட்டாத ஆளில்லை. பத்துத் தொட்டியில் பத்துக் காய் பறிக்க முடியாதவர்கள் சார் இவர்கள்! 2022 மார்ச் வெயிலில் பஞ்சாப், ஹரியானா கோதுமை மணி சுருங்கி விளைச்சல் குறைந்தது. மே 13-ஆம் தேதி கோதுமை ஏற்றுமதிக்கே தடை வந்தது. நம் தொட்டியில் நடந்ததுதான் அவர்கள் வயலிலும் நடந்தது. நமக்கு நஷ்டம் நாற்று வாங்கிய காசு. அவர்களுக்குக் கடன். கைராசி என்று சொல்லிவிட்டு அவர்களால் உள்ளே போய் ஏசி போட்டுக்கொள்ள முடியாது.

ஆகவே மக்களே, தக்காளி நாற்றை டிசம்பர் கடைசியிலேயே வெயில் படும் ஜன்னலோரம் போட்டுவிடுங்கள். பிப்ரவரி முதல் வாரம் தொட்டிக்கு மாற்றினால் வெயில் முந்துவதற்குள் கொஞ்சமாவது காய் பார்க்கலாம். மார்ச் பாதியிலேயே பச்சை வலை கட்டுங்கள். தொட்டி மண் மேல் காய்ந்த இலையைப் பரப்புங்கள். தண்ணீர் விடிகாலையில் மட்டும். வெயில் உச்சத்தில் உரமே வேண்டாம்.

அப்புறம், பால் கணக்கு எழுதும் காலண்டரில் முதல் பூ பூத்த தேதியையும் குறித்து வையுங்கள். பிள்ளைகளை விட்டு எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. நாலைந்து வருஷக் கணக்கு சேர்ந்த பிறகும் கைராசிதான் காரணம் என்று தோன்றினால் சொல்லுங்கள், பேசுவோம்.