நடுவிரல் மட்டும் போதாது

2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் கமராவைப் பார்த்து என்விடியாவுக்கு நடுவிரல் காட்டிய வீடியோவை, லினக்ஸ் பாவிக்கிற ஆக்கள் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அதற்குப் பிறகு இத்தனை வருசமாக நாங்கள் என்ன செய்தோம்? அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பகிர்ந்தோம். கறுப்புத் திரையோடு உதவி கேட்டு வந்தவருக்கும் அதையேதான் பதிலாகக் கொடுத்தோம். "என்விடியா கார்ட் ஏன் வாங்கினனீர்? ஏஎம்டி வாங்கியிருக்கலாமே?"

வாங்கியிருக்கலாம்தான். பாவிச்ச கம்ப்யூட்டர் வாங்குகிற மனிசன் கார்ட்டைத் தெரிவு செய்வதில்லை. பெட்டிக்குள்ளே என்ன இருக்கோ அதுதான். மடிக்கணினி என்றால் இன்னும் மோசம். போர்ட்டோடு ஒட்டி வருகிறதைக் கழற்றி மாற்றவும் ஏலாது.

கம்பனியின் குற்றத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. உண்மையில் அது நாங்கள் வழக்கமாகத் திட்டுவதைவிடப் பெரியது. ட்ரைவரை மூடி வைத்திருந்தது மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். நுவோ என்ற திறந்த ட்ரைவர், கார்ட் உள்ளே என்ன செய்கிறது என்று வெளியிலிருந்து கவனித்துக் கவனித்து எழுதப்பட்டது. எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 2014இல் ஜிடிஎக்ஸ் 900 வரிசை வந்தபோது அதற்கும் பூட்டு விழுந்தது. கம்பனி கையெழுத்திட்ட ஃபேர்ம்வெயர் இல்லாமல் கார்ட்டின் கடிகார வேகத்தைக் கூட்ட முடியாது. அடுத்து வந்த ஜிடிஎக்ஸ் 1060 போன்ற பாஸ்கல் கார்ட்டுகளிலும் அதே கதைதான். நுவோவில் ஓடினால், கணினி போடும்போது என்ன வேகத்தில் இருந்ததோ அதே வேகத்தில் நொண்டும். காசு குடுத்து வாங்கின வாகனம், ஆனால் முதல் கியருக்கு மேலே போட விற்றவரிடம் அனுமதி கேட்க வேணும்.

2022 மே மாதம் என்விடியா தன் கேர்னல் மொடியூல்களைத் திறந்து விட்டது. எல்லாரும் வெடி கொளுத்தினோம். அது 2018இல் வந்த டூரிங்கும் அதற்குப் பிறகு வந்தவையும் மட்டும் என்பதையும், ஓபன்ஜிஎல், வல்கன் எல்லாம் இன்னும் மூடியே கிடக்கின்றன என்பதையும் கொஞ்சப் பேர்தான் கவனித்தார்கள். பாஸ்கல் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றது. பிறகு 580 வரிசையோடு பாஸ்கலுக்கான புதிய ட்ரைவர்களும் நின்றன. 2025 டிசம்பரில் ஆர்ச் லினக்ஸ் 590க்கு மாறியபோது, பாஸ்கல் வைத்திருப்பவர் அப்படியே அப்டேட் செய்தால் வரைகலைத் திரையே வராது, பழைய 580ஐ ஏயூஆரிலிருந்து தானே எடுத்துப் போட வேண்டும் என்று அறிவித்தார்கள். முன்கூட்டியே அறிவித்தது நல்லதுதான். ஆனால் ஆர்ச் எண்டால் கெத்து எண்டு சொல்லி அடுத்தவற்ற மெசினில போட்டுக் குடுத்தவர், அந்த அறிவித்தலை எங்க வாசிக்கிறது எண்டு சொல்லிக் குடுத்தவரா?

இங்கேதான் எனக்கு எங்கட பக்கத்து ஆக்களோடையும் சண்டை. வேலண்ட் 2008இல் தொடங்கியது. அதன் பக்கம் நின்றவர்கள் ஜிபிஎம் என்ற வழியைப் பிடித்தார்கள், என்விடியா ஈஜிஎல்ஸ்ட்ரீம்ஸ் என்று தனியாக இழுத்தது. 2021இல் 495 ட்ரைவரோடுதான் அது இறங்கி வந்தது. ஆனால் ஜிடி 710 போன்ற கெப்லர் கார்ட்டுகளுக்கான கடைசி ட்ரைவர் 470. ஒரு எண் வித்தியாசத்தில் பஸ் போய்விட்டது. சரி, எக்ஸ்11இல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பார்த்தால், 2025 செப்டெம்பரில் வந்த க்னோம் 49 எக்ஸ்11 அமர்வை அணைத்து வைத்தே வருகிறது. உபுண்டு 25.10இன் க்னோமில் அது இல்லை. கேடிஈயும் பிளாஸ்மா 6.8இலிருந்து வேலண்ட் மட்டுமே என்று சொல்லிவிட்டது. கம்பனி முன்கதவைப் பூட்டியது, நாங்கள் பின்கதவைப் பூட்டினோம். நுவோ என்ற ஜன்னல் மட்டும் மிச்சம்.

எக்ஸ்11 பழசு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு செயலியில் நீங்கள் தட்டுகிற கடவுச்சொல்லை இன்னொரு செயலி ஒட்டுக்கேட்கக்கூடிய அமைப்பு அது. அதைப் பராமரிக்க ஆள் இல்லை என்பதும் உண்மை. "இலவசமாகத் தருகிறார்கள், கேள்வி கேட்க நீ யார்" என்ற பதிலைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. க்னோமில் வேலை செய்கிற எல்லாரும் ஓய்வு நேரத் தொண்டர்கள் இல்லை. ரெட் ஹாட்டிலும் கனோனிக்கலிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு அதை எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதோடு, பாவனையாளர் முறைப்பாடு சொன்னால் உடனே அவரைப் பிழையாக்குகிற பழக்கம் புதிதும் இல்லை. 2011இல் க்னோம் 3 வந்து சாளரத்தின் சிறிதாக்கும் பொத்தானையே எடுத்துவிட்டபோது டோர்வால்ட்ஸே கோபித்துக்கொண்டு எக்ஸ்எப்சிஈக்குப் போனார். அவர் போனால் செய்தி. நாங்கள் போனால் "உனக்குப் பழகத் தெரியவில்லை". 2023இல் க்னோம் 45 வந்து, அதுவரை எழுதப்பட்ட நீட்சிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் உடைத்தபோதும் அதே பாட்டுத்தான்.

தமிழில் எழுதுகிறவருக்கு இன்னொரு சின்ன எரிச்சலும் இருக்கிறது. பிளாஸ்மாவின் வேலண்ட் அமர்வில் ஐபஸ் வழியாகத் தமிழ் தட்டுவதென்றால், அதை இயக்குகிற இடம் "மெய்நிகர் விசைப்பலகை" என்ற பகுதிக்குள் இருக்கிறது. மேசையில் உண்மையான விசைப்பலகை இருக்கிற ஆள் அங்கே ஏன் போய்த் தேடப் போகிறார்?

2025 ஒக்டோபர் 14ஓடு வின்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 இல்லாத பழைய மெசின்களுக்கு வின்டோஸ் 11 இல்லை. "எறியாதீங்கோ, லினக்ஸ் போடுங்கோ" என்று நாங்கள் எல்லாரும் சொல்லித் திரிகிறோம். நல்ல அழைப்பு. ஆனால் அழைத்தது நாங்கள். வந்தவரின் பழைய கார்ட்டைப் பார்த்து முகம் சுளிக்க எங்களுக்கு உரிமை இல்லை, ஏனென்றால் பழைய மெசினோடுதான் வரச் சொன்னோம்.

அதனால் பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட விட்டு, நிறுவுவதற்கு முன் எல்எஸ்பிசிஐ என்று தட்டி என்ன கார்ட் என்று பாருங்கள். கெப்லர் என்றால், நுவோவில் விளையாட்டு எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம் என்று அப்போதே சொல்லுங்கள். பாஸ்கல் என்றால் 580இலேயே நிறுத்தி வையுங்கள். ஆர்ச்சை உங்கள் மெசினோடு வைத்துக்கொண்டு அவருக்கு மின்ட் 22 போடுங்கள். அதன் சின்னமன் வழக்கமாக எக்ஸ்11இல்தான் ஓடுகிறது, 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்களும் வரும். போய் வரும்போது உங்கள் தொலைபேசி எண்ணையும் குடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த அப்டேட்டில் திரை கறுத்தால் அவர் உங்களுக்குத்தான் எடுக்க வேண்டும், அந்த வீடியோவை அனுப்பாமல் நீங்கள் போக வேண்டும்.