நன்றி வேறு, வாக்கு வேறு!

போரிலே வென்றார், தேர்தலிலே தோற்றார்!

1945ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26ஆம் நாள், பிரிட்டனின் பொதுத் தேர்தல் முடிவு வெளியாயிற்று. இட்லரை எதிர்த்து நின்றவர் என்று உலகமே வியந்த வின்ஸ்டன் சர்ச்சில், அன்று மாலையே மன்னரிடம் சென்று பிரதமர் பதவியைத் துறந்தார். ஜெர்மனி சரணடைந்து மூன்று திங்கள்கூட நிறைவெய்தவில்லை!

நன்றி கெட்டவர்களா அந்நாட்டு மக்கள்? இக்கேள்வியை அன்று கேட்டோர் பலர். தோழர்களே! எண்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த அத்தேர்தலை இன்று எடுத்துப் பார்ப்பது, பழங்கதை பேசிப் பொழுதைக் கழிப்பதற்காக அல்ல. வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்கும் எவருக்கும் அதிலே பாடம் இருக்கிறது.

களத்தைக் காண்போம். 1935க்குப் பிறகு பத்தாண்டுக் காலம் அங்கே பொதுத் தேர்தலே நடைபெறவில்லை. சர்ச்சில் ஊர் ஊராகச் சென்றார். வாயிலே சுருட்டு, விரல்களிலே வெற்றிச் சின்னம், சென்ற இடமெல்லாம் மக்கள் வெள்ளம்! தொழிற்கட்சித் தலைவர் கிளமென்ட் அட்லியோ, மனைவி ஓட்டிவந்த சிறிய காரிலே சென்றார். அலங்காரப் பேச்சு அறியாதவர். ஆரவாரம் அவருக்குப் பழக்கமில்லை. இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்தோர், சர்ச்சிலுக்கே வெற்றி என்று முடிவு கட்டினர். தொழிற்கட்சியே முன்னணியில் இருப்பதாகக் கருத்துக் கணிப்பு கூறிற்று. நம்பியவர் மிகச் சிலரே.

ஜூன் 4ஆம் நாள் சர்ச்சில் வானொலியிலே பேசினார். தொழிற்கட்சியின் சோஷலிச ஆட்சி ஏற்பட்டால், ஏதேனும் ஒருவகைக் கெஸ்டபோ இல்லாமல் அதனால் ஆளமுடியாது என்றார். இட்லரின் இரகசியப் போலீஸ் படைக்குப் பெயர்தான் கெஸ்டபோ! யாரைப் பார்த்து வீசப்பட்டது இந்தப் பழி? ஐந்தாண்டுக் காலம் அவருடைய போர்க்கால அமைச்சரவையிலே தோளோடு தோள் நின்றவர்களைப் பார்த்து! அட்லி, அவருடைய துணைப் பிரதமர். எர்னஸ்ட் பெவின், தொழிலாளர் துறை அமைச்சர். ஹெர்பர்ட் மாரிசன், உள்துறை அமைச்சர். நேற்றுவரை நாட்டைக் காத்த நண்பர்கள், தேர்தல் வந்ததும் நாஜிகளாகிவிட்டனரோ?

மறுநாள் அட்லி மறுமொழி தந்தார். போர்க்காலத் தலைவரான சர்ச்சில் வேறு, கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவரான சர்ச்சில் வேறு என்பதை மக்களுக்கு அவரே விளக்கிவிட்டார் என்ற கருத்தை, சினமின்றி, சிறிதும் குரல் உயர்த்தாமல் எடுத்துரைத்தார். அந்த அமைதி, இடிமுழக்கத்தைவிட ஆழமாகப் பாய்ந்தது.

மக்கள் நெஞ்சிலே இருந்தது கெஸ்டபோ பற்றிய பீதியல்ல. வேலையும் வீடும் பற்றிய கவலை. முதல் உலகப்போர் முடிந்ததும், வீரர்கள் வாழத் தகுந்த வீடுகள் தருவோம் என்றனர் ஆண்டோர். வந்ததென்ன? வேலையில்லாத் திண்டாட்டம்! கப்பல் கட்டும் தளம் மூடப்பட்ட ஜாரோ நகரிலிருந்து 1936ஆம் ஆண்டு ஏறத்தாழ 200 பேர், வேலை கேட்டு இலண்டன் வரை நடந்தே சென்றனர். மனுவைக் கொடுத்தனர்; வெறுங்கையோடு திரும்பினர். இம்முறையும் ஏமாறுவதா என்பதே 1945இல் மக்கள் எழுப்பிய கேள்வி.

விடை, ஓர் அறிக்கையிலே இருந்தது. வறுமை, நோய், அறியாமை, சுகாதாரக் கேடு, வேலையின்மை என்னும் ஐந்து பூதங்களை ஒழிக்கவேண்டும் என்று 1942 டிசம்பரில் வில்லியம் பெவரிட்ஜ் எழுதிய அறிக்கையை மக்கள் வரிசையிலே நின்று வாங்கிச் சென்றனர். போர் முடியட்டும், பார்க்கலாம் என்ற போக்கிலே இருந்தார் சர்ச்சில். செய்வோம் என்றது தொழிற்கட்சி.

விளைவு? 1935இல் 154 இடங்களைப் பெற்றிருந்த தொழிற்கட்சி, 640 இடங்களில் 393ஐ வென்றது. சர்ச்சிலின் வுட்ஃபோர்டு தொகுதியிலே பெரிய கட்சிகள் எதுவும் அவரை எதிர்க்கவில்லை. தன்னந்தனியே நின்ற ஒரு சுயேச்சைக்கு அங்கே 10,000க்கு மேற்பட்ட வாக்குகள்!

திரண்ட கூட்டம் பொய்யல்ல, தோழர்களே! சர்ச்சிலுக்கு நன்றி சொல்லவே மக்கள் தெருவுக்கு வந்தனர். நாளைய வாழ்வைத் தேடி வாக்குச் சாவடிக்குச் சென்றனர். மக்கள் நன்றி மறந்துவிட்டனர் என்று மருத்துவர் கூறியபோது, சர்ச்சிலே அதை ஏற்கவில்லை. அவர்கள் பட்ட துன்பம் பெரிது என்றாராம். தோற்றவருக்கும் தெரிந்த உண்மை அது.

அத்தேர்தல் நம் மண்ணையும் தொட்டது. இந்திய விடுதலையை நெடுங்காலம் எதிர்த்தவர் சர்ச்சில். 1947 பிப்ரவரி 20ஆம் நாள் ஆட்சியை ஒப்படைப்போம் என்று அறிவித்தது அட்லியின் அரசு. விடுதலையை ஈன்றது நம் மக்களின் தியாகமே. எனினும் இலண்டனில் நிகழ்ந்த மாற்றம் வழியை எளிதாக்கிற்று என்பதை மறுப்பதற்கில்லை. அங்கேயோ, 1945இல் வாக்களித்த அதே ஜூலை 5ஆம் நாள், 1948இல், அனைவருக்கும் கட்டணமில்லா மருத்துவம் தொடங்கிற்று. சொன்னதைச் செய்தனர்!

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. தோற்ற கட்சி மக்களைத் தூற்றிக்கொண்டிருக்கவில்லை, பாடம் கற்றது. மருத்துவத் திட்டத்தைக் கைவிடோம் என்றது. ஆண்டுக்கு 3 லட்சம் வீடுகள் கட்டுவோம் என்றது. 1951 தேர்தலில் தொழிற்கட்சிக்கு ஏறத்தாழ 1 கோடியே 39 லட்சம் வாக்குகள். கன்சர்வேட்டிவ் அணிக்கு 1 கோடியே 37 லட்சம். இடங்களோ 295க்கு எதிராக 321! தன் கோட்டைகளிலே வாக்குகளைக் குவித்த தொழிற்கட்சி, ஊசலாடிய தொகுதிகளைக் கோட்டைவிட்டது. மீண்டும் பிரதமரானார் சர்ச்சில்.

நேற்றைய சாதனை, நாளைய வாக்குக்கு முன்பணம் ஆகாது. மாற்றான்மீது வீசும் பழி, நம் திட்டத்துக்கு ஈடாகாது. கூட்டத்தைக் கண்டு மயங்குவோர், கூட்டத்துக்கு வராமல் வீட்டிலே இருப்பவரை மறந்துவிடுகின்றனர். அவருடைய கதவைத் தட்டுங்கள். நாம் செய்ததைச் சொல்லுமுன், அவருக்கு வேண்டியது என்னவென்று கேளுங்கள். வென்றாலும் அதுவே பணி. தோற்றாலும் அதுவே பணி!