மரபணு மட்டுமே தலைவிதி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லீரல் புற்றுநோய் என்றாலே குடிப்பழக்கம்தான் காரணம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாகப் பதிந்திருக்கிறது. மதுவைத் தொடாதவர்களுக்கும் அது வருகிறது. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களும் கொழுப்புக் கல்லீரலும் முக்கியக் காரணங்கள். பிறவியிலேயே அமையும் மரபணு வேறுபாடுகளுக்கும் இதில் பங்கு உண்டு.

பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் கல்லீரலில் கொழுப்பு அதிகம் சேர்கிறது என்று 2008இல் அமெரிக்காவின் டல்லஸ் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இம்மாற்றம் உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் அபாயமும் கூடுதல் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின.

அபாயம் கூடுதல் என்றால் நோய் உறுதி என்று பொருளல்ல. உடல் பருமனும் மதுவும் சேரும்போது இந்த மரபணுவின் தீங்கு பெருகுகிறது. ஆகவே, "எல்லாம் பரம்பரை" என்று கைவிரிக்கத் தேவையில்லை. தடுக்க முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1984இல் தைவான் பச்சிளம் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது. அதன்பின் அங்கே சிறுவர்களிடையே கல்லீரல் புற்றுநோய் குறைந்ததை 1997இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது.

காசு செலவழித்து மரபணுச் சோதனைக்கு ஓடும் முன், ஹெபடைடிஸ் பி, சி ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வோம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்பட்டதா என்று கேட்போம். சிரோசிஸ் எனும் கல்லீரல் தழும்பு நோய் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பதைத் தவறவிடக் கூடாது. இந்தச் செய்திகளைத் தங்கள் இதழ் தொடர்ந்து மக்களிடம் கொண்டுசேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி