கணிப்பொறியிலும் சிக்கனம் வேண்டும்

"நினைவகம் மலிந்துவிட்டது; இனிச் சிக்கனம் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. நாங்கள் அதை ஏற்கவில்லை.

கணிப்பொறி விளையாட்டில் தோன்றும் கோபுரமும் குதிரையும் பல்லாயிரம் புள்ளிகளால் ஆனவை. ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் குறிக்க மூன்று எண்கள் வேண்டும். எண்ணுக்கு 4 பைட்டு என்றால் புள்ளிக்கு 12. எண்ணுக்கு 8 என்றால் 24. ஒரு லட்சம் புள்ளிகளுக்கு 12 லட்சம் பைட்டா, 24 லட்சமா என்பது சிறிய வேறுபாடா? புள்ளிகளைத் தனித்தனியே சிதறவிட்டால், அவை இருக்கும் முகவரிகளுக்கும் இடம் செலவாகும். தேடி எடுக்க நேரமும் வீணாகும். வரிசையாக அடுக்கினால் இரண்டும் மிச்சம்.

நம் காஞ்சி நெசவாளர் இதை அறிவர். கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு. பாவு ஒழுங்காக நின்றால்தான் நெசவு ஓடும். கலைந்தால் பட்டும் பொழுதும் பாழ்.

நுண்மை மிக வேண்டிய ஆராய்ச்சிக்கு 8 பைட்டு தேவைதான். விளையாட்டுக்குப் பெரும்பாலும் 4 போதும். எளிய வீட்டுப் பிள்ளையின் பழைய கைப்பேசியிலும் அது ஓட வேண்டாமா?

ஐயாயிரம் பேர் உண்டு நிறைந்த பின்னும், எஞ்சிய அப்பத் துண்டுகளைச் சேர்க்கச் சொன்னார் நம் ஆண்டவர். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. நிறைவிலும் வீணாக்காமையே அறம். நாளை நிரல் எழுதப்போகும் தோழியரே, இதை மறவாதிருப்போம்!