வியட்நாமில் வாடகை பைக்கா? லைசென்ஸைப் பாருங்க!

வாளையார் வரை விரட்டிப் பழகிய மதுக்கரை பசங்களுக்கு இப்போ கனவு, வடக்கு வியட்நாமின் ஹா ஜியாங் மலைப்பாதை. வாடகை பைக் சுலபமாகக் கிடைக்கும். சிக்கல் பேப்பரில்தான்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் 1,000 ரூபாய் கட்டி நாம் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்பதோ 1968 வியன்னா ஒப்பந்த அனுமதியை. கடைக்காரர் எதுவும் கேட்காமல் சாவியைத் தந்துடுவார். விழுந்து கையை உடைச்சுக்கிட்டா, டிராவல் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கைவிரிச்சுடும். ஆஸ்பத்திரி பில் முழுசும் உங்க தலையில்.

50 சி.சி.க்குக் கீழே லைசென்ஸ் வேண்டாம்தான். ஆனா அந்த ஏற்றத்தில் வண்டி முக்கும்! பேசாம உள்ளூர்க்காரர் ஓட்ட, பின்சீட்டில் உட்காருங்க. 'ஈஸி ரைடர்'னு கேட்டா கிடைக்கும். பாஸ்போர்ட்டை மட்டும் எங்கேயும் அடமானமா வைக்காதீங்க.